கை நனையாத வரைக்கும்

அத்தை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். விடியற்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன். ஐஸுக்குள் கைவிட்டு வஞ்சிரத்தைத் தேடி எடுக்கச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் விரல் எல்லாம் மரத்துப்போய், பிடித்திருப்பது மீனா ஐஸ் கட்டியா என்று தெரியாது. "கை நனையாத வரைக்கும் ஐஸ் ஒண்ணும் பண்ணாதுடா. நனைஞ்சுதுன்னாதான் புடிச்சுக்கும்" என்பார். அந்தப் பேச்சு எனக்கு முழுதாகப் புரிந்தது, இருபது வருஷம் கழித்து பிரான்சில் ஒரு ஏரிக்கு அடியில்.

நான் புதுச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். நம் கடல் பெரும்பாலும் 27, 28 டிகிரி. மெல்லிய வெட்சூட் போதும், கைக்கு ஒன்றும் தேவையில்லை. ஆனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு பிரான்சில் சொந்தம் இருக்கிறது. என் சித்தப்பா குடும்பம் லியோனில். அவர் மகன், என் தம்பி, அங்கேயே டைவிங் கற்றவன். "ஒரு குளிர்காலம் வாண்ணா, அன்சி ஏரியில் இறங்கலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இருக்கிற ஏரி. 1971 மார்ச்சில் மூழ்கிய 'பிரான்ஸ்' என்ற பழைய நீராவிக் கப்பல் 42 மீட்டர் ஆழத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்கும் ஆசைதான் என்னை அங்கே இழுத்தது. கப்பலை இன்னும் பார்க்கவில்லை. அவ்வளவு ஆழத்துக்கு முன்னால் கை விஷயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. தீர்க்க மூன்று குளிர்காலம் ஆனது.

முதல் முறை ட்ரைசூட் வாடகைக்கு எடுத்தேன். வெட்சூட்டில் தண்ணீர் உள்ளே வந்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். ட்ரைசூட்டில் தண்ணீரே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் தோலை ஒட்டிப் பிடிக்கிற பட்டைகள், அதாவது சீல்கள், தடுத்துவிடும், உள்ளே காற்றும் கம்பளி உடுப்பும் இருக்கும். ஆனால் சாதாரணமாக அது மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. கைக்கு 5 மில்லிமீட்டர் நியோப்ரீன், அதாவது நுரை ரப்பர், க்ளவ் கொடுத்தார்கள். அது நனைகிற க்ளவ். இறங்கும்போது கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் தண்ணீர் 6 டிகிரி. உடம்பு சுகமாக இருந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில், உடைக்குள் காற்று விடுகிற இன்ஃப்ளேட்டர் பட்டனைக் கட்டை விரலால் அழுத்தினேன். அழுத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லை, காற்று வருகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். டார்ச்சைக் கொக்கியிலிருந்து கழற்ற முடியவில்லை. தம்பிக்குச் சைகை காட்டினேன், மேலே வந்துவிட்டோம்.

கை மரப்பது சுகக்கேடு மட்டும் இல்லை. வால்வு, மாஸ்க், வெயிட், மூச்சுக்குக் காற்று தருகிற ரெகுலேட்டர் என்று உயிர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியில் விரல்தான் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். உடம்போ குளிர் வந்ததும் நடுப்பகுதியைக் காப்பாற்ற கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நனைந்த கை இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது.

அடுத்த வருஷம் தண்ணீர் புகாத ட்ரை க்ளவ் கேட்டு வாங்கினேன். உடையின் கை நுனியில் ஒரு வளையம், க்ளவ் வாயில் ஒரு வளையம், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஓ-ரிங் என்ற மெல்லிய ரப்பர் வளையத்தால் அடைத்துக்கொள்ளும். அந்த வாடகை உடையில் மணிக்கட்டு சீலையே எடுத்துவிட்டிருந்தார்கள். உடையில் இருக்கிற காற்று நேராக க்ளவ்வுக்குப் போகும், கை கடைசி வரை வெதுவெதுப்பாக இருக்கும், போடுவதும் சுலபம் என்றார்கள். எல்லாம் உண்மை. முதல் இரண்டு டைவும் சொர்க்கம்.

மூன்றாவது டைவில் 14 மீட்டரில் மிதவைக் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றை மாட்டியிருந்த துருப்பிடித்த இரும்புக் கொக்கி (ஷாக்கிள்) கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கீறியது. கீறியதே தெரியவில்லை. முதலில் உள்ளங்கை குளிர்ந்தது, அப்புறம் முழங்கை, அப்புறம் யாரோ சட்டைக்குள் குடத்தைக் கவிழ்த்த மாதிரி விலா வரை வந்துவிட்டது. மேலே ஏற அஞ்சாறு நிமிஷம்தான், ஆனால் அதற்குள் உள்ளே போட்டிருந்த கம்பளி ஒரு பக்கம் முழுக்க நனைந்து, பல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. உடைக்குள் புகுந்த தண்ணீர் தண்ணீருக்கு அடியில் கனக்காது. படிக்கட்டில் கால் வைத்து வெளியே எழும்போதுதான் அத்தனை கனமும் தெரியும். தம்பி கீழேயிருந்து தள்ளித்தான் கரையேற்றினான்.

அன்று ராத்திரி முடிவு செய்தேன். க்ளவ் வாங்கும்போது 'எவ்வளவு வெதுவெதுப்பு' என்று முதலில் கேட்கக் கூடாது. 'இது கிழிந்தால் என்ன ஆகும்' என்றுதான் கேட்க வேண்டும். க்ளவ் என்றைக்காவது கிழியத்தான் போகிறது. அதனால் க்ளவ்வுக்குள்ளே மணிக்கட்டு சீல் கண்டிப்பாக இருக்க வேண்டும். கிழிந்தால் கை மட்டும் நனையும், உடம்பு தப்பிக்கும். சீல் வேண்டாம் என்று சொல்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் சௌகரியத்தை நானும் அனுபவித்தேன். ஆனாலும் என் மாணவர்கள் யாரையும் அப்படி இறங்க விட மாட்டேன்.

சீல் வைத்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. க்ளவ்வுக்குள் இருக்கும் காற்று தனியாக அடைபட்டுவிடும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். க்ளவ் கையை நெருக்கிப் பிழியும், உள்ளே போட்டிருக்கிற துணி க்ளவ், அதாவது லைனர், நசுங்கும், தடித்திருந்த காற்றுப் படலம் போய்விடும், குளிர் உள்ளே வரும். மடிப்பு விழுந்த இடத்தில் தோல் மாட்டிக்கொண்டு சிவப்புக் கோடு போட்டுவிடும். இதற்குச் சீலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயையோ கயிற்றையோ வைத்து உடைக் காற்றுக்குச் சின்ன வழி விடுவார்கள். நான் மருந்துக் கடையில் ட்ரிப்ஸ் டியூப் வாங்கினேன். ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். கூர்மையாக விட்டால் சீலைக் கிழித்துவிடும். மணிக்கட்டின் மேல்பக்கம், எலும்பு இல்லாத பள்ளத்தில் வைத்தால் நழுவாது. கிழிசலில் வந்த தண்ணீரும் அந்தக் குழாய் வழியாக உள்ளே போகத்தானே செய்யும் என்று கேட்கலாம். போகும். ஆனால் சொட்டுச் சொட்டாகப் போகும், குடம் கவிழ்ந்த மாதிரி வராது. மேலே ஏற நேரம் கிடைக்கும்.

சீலை என்ன பொருளில் வாங்குவது என்பதில் புதுச்சேரி வெயில் எனக்குப் பாடம் எடுத்தது. சொந்தமாக ஒரு பழைய ட்ரைசூட் வாங்கிக்கொண்டு வந்தேன். லேடெக்ஸ் என்ற மெல்லிய இயற்கை ரப்பரில் செய்த சீல், நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இடம் இல்லாமல் தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிற ரூமில் மாட்டி வைத்தேன். மே, ஜூன் தாண்டி எடுத்துப் பார்த்தால், மணிக்கட்டு சீல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் சூட்டில் இளகிய சூயிங்கம் மாதிரி இழுபடுகிறது, நகம் பட்ட இடம் அப்படியே பள்ளமாக நிற்கிறது. லேடெக்ஸுக்கு வெயில், சூடு, உடம்பு எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாமே பகை. மின் மோட்டார் ஓடும்போது உண்டாகிற ஓசோனும் அதை அரித்துவிடும். அதாவது வீட்டிலேயே மோசமான இடத்தைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறேன். லேடெக்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. தோலோடு ஒட்டி நன்றாக அடைக்கும், விலை குறைவு, பசை போட்டு ஒட்டலாம். வருஷம் முழுக்க டைவ் செய்கிறவருக்கு, குளிர்ச்சியான அறையில் வாசனை சேர்க்காத டால்க் பவுடர் தூவி வைக்கிறவருக்குச் சரி. வருஷத்தில் பத்து மாசம் அலமாரியில் தூங்குகிற உடைக்கு, அதுவும் நம் ஊரில், சரிப்படாது. சிலருக்கு லேடெக்ஸ் பட்டாலே தோல் தடித்துவிடும், அவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

நியோப்ரீன் சீல் உறுதியானது, வெதுவெதுப்பானது. ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. காரணம் என் இடது மணிக்கட்டு. சின்ன வயதில் இருந்து நங்கூரக் கயிறு இழுத்த கை, மெலிந்தது. முஷ்டியை இறுக்கி உள்பக்கம் மடக்கினால் இரண்டு நரம்புக் கயிறுகள் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். எந்தச் சீலும் அந்த இரண்டு கயிற்றின் மேல் பாலம் போட்டுவிடுகிறது, அடியில் தண்ணீர் ஓடுகிறது. வாங்குவதற்கு முன் நீங்களும் முஷ்டியை மடக்கிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் நீளமான, மென்மையான சீலாக வாங்கி, மணிக்கட்டு எலும்பைத் தாண்டி முழங்கைப் பக்கம் இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் போடுங்கள். அங்கே நரம்பு சதைக்குள் புதைந்திருக்கும். ட்ரை க்ளவ்வின் பெரிய நன்மையும் இங்கேதான் இருக்கிறது. அடைப்பு வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில், தோலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. என் இடது கை இப்போது எப்படி மடங்கினாலும் நனைவதில்லை.

கடைசியில் சிலிக்கோன் சீல் போட்டேன். மெத்தென்று இருக்கும், ஒவ்வாமை தராது, நம் ஊர்ச் சூட்டில் பிசுபிசுக்காது. இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சின்ன கீறல் விழுந்தால் அங்கிருந்து சர்ரென்று கிழிந்துவிடும். நகத்தை வெட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, அதில் சாதாரணப் பசை ஒட்டாது. அதனால் வளையத்தில் மாட்டுகிற அமைப்புதான் வேண்டும். அது எனக்கு வரமாகிவிட்டது. கிழிந்த சீலை ஏரிக்கரையிலேயே கழற்றிப் புதியது மாட்டிக்கொண்டு அடுத்த டைவுக்கு இறங்கலாம். அதே வளையத்தில் க்ளவ் பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்டு, கண் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். சீலை ஒரு இடத்திலும் க்ளவ்வை இன்னொரு இடத்திலும் வாங்கிவிட்டு, இரண்டும் சேராமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீல் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். போட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். விரல் நிறம் மாறினால், குறுகுறுத்தால், ரத்த ஓட்டம் தடைபடுகிறது. அந்தக் கை எத்தனை லைனர் போட்டாலும் குளிரும். சீலில் வட்ட வட்டமாக வரி இருக்கும். உள்ளே ஒரு பாட்டிலைச் சொருகிக்கொண்டு, கூரான கத்தரியால் ஒரு வரி மட்டும் நிறுத்தாமல் வெட்டுங்கள். பிசிர் விட்டால் அதுவே கிழிசலின் ஆரம்பம். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

கையை நுழைக்கும்போது விரல்களை வாழைப்பூ மாதிரி குவித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையின் நாலு விரலைச் சீலுக்குள் விட்டுத் தட்டையாக விரித்து, நுனி படாமல் இழுக்க வேண்டும். மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிட வேண்டும். நம் ஆட்களிடம் நான் பார்த்த தனிப் பிரச்சினை கையில் கட்டிய சாமி கயிறு. சீலுக்கு அடியில் அது இருந்தால் திரி மாதிரி தண்ணீரை இழுக்கும். அறுக்க மனசு வராதவர்கள் காலுக்கோ இடுப்புக்கோ மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

வளையங்களில் பல வகை இருக்கின்றன. அழுத்தினால் பொருந்துவது, திருகிப் பூட்டுவது, ரப்பர் மாதிரி மென்மையான முட்டை வடிவ வளையம். கெட்டியான வட்ட வளையம் உழைக்கும், ஆனால் கை நுழைகிற வழியைக் குறுக்கும், மேலே போடும் பிசிடி என்ற மிதவைச் சட்டைக்குள் கையை விடும்போது இடிக்கும். முட்டை வடிவம் கையோடு படிந்து கிடக்கும். எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். முதல் க்ளவ்வை மாட்டிய பிறகு, அந்தக் க்ளவ் கையாலேயே இரண்டாவதை மாட்ட முடிகிறதா? கழற்ற முடிகிறதா? கடையில் வெறும் கையால் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும்.

புதிய க்ளவ்வோடு முதல் டைவிலேயே வலது கை ஈரம். வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் மேல் லைனரின் கம்பளி இழை ஒன்று குறுக்கே கிடந்தது, தலைமுடி கனம்தான் இருக்கும். அது போதும். இப்போது லைனரின் விளிம்பை முதலில் உள்ளே நன்றாகச் சொருகி, ஓ-ரிங்கை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன். தம்பி என் வளையத்தைப் பார்ப்பான், நான் அவனுடையதைப் பார்ப்பேன். ஓ-ரிங் நைட்ரில் ரப்பர் என்றால் சிலிக்கோன் கிரீஸ் துளியூண்டு தடவலாம். ஓ-ரிங்கே சிலிக்கோனில் செய்தது என்றால் அந்தக் கிரீஸ் அதை உப்ப வைத்துவிடும். பசை போட்டு ஒட்டிய சீல் இருக்கிற உடைப் பக்கம் சிலிக்கோன் எதையும் கொண்டுபோகாதீர்கள், பிறகு பசை பிடிக்காது. உபரி ஓ-ரிங்குக்கு வெளிநாட்டிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. உள்விட்டத்தையும் கனத்தையும் அளந்துகொண்டு போனால் பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைத்துவிடுகிறது. கடலூர் சாலையில் ஒரு கடையில் நான் பத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

க்ளவ் என்று பார்த்தால் பெரும்பாலானவர்கள் போடுவது தொழிற்சாலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் போடுகிற பிவிசி க்ளவ்தான். ஜப்பானின் ஷோவா நிறுவனத்தின் நீல க்ளவ்வை ஏரிக்கரையில் நிறையப் பேர் கையில் பார்த்தேன். விலை குறைவு என்பதால் கிழிந்தால் வருத்தம் இல்லை, உபரி ஜோடி பையில் இருக்கலாம். லைனரோடு போட்டுப் பார்த்து, விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்கிற அளவு வாங்குங்கள். நெருக்கமாக இருந்தால் காற்றுக்கும் இடம் இல்லை, ரத்தத்துக்கும் இடம் இல்லை.

லைனரைச் சோதிக்க ஆல்ப்ஸ் வரை போக வேண்டாம். துறைமுகத்தில் ஒரு ஐஸ் பார் வாங்கி உடைத்து, பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரோடு போட்டேன். தெர்மாமீட்டரில் 2 டிகிரி. க்ளவ்வுக்குள் ஒவ்வொரு லைனராகப் போட்டு, வாய்ப்பகுதி நனையாமல் கையை இருபது நிமிஷம் வைத்திருந்தேன். உள்ளேயே கொக்கியைக் கழற்றுவது, மாட்டுவது, பட்டன் அழுத்துவது என்று பழகினேன். பருத்தி லைனர் தோற்றுப்போனது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு குளிர்ந்துவிடுகிறது. மெரினோ கம்பளி ஈரமானாலும் சூட்டை விடவில்லை. தடித்த ஃப்ளீஸ் ரொம்ப வெதுவெதுப்பு, ஆனால் பட்டன் எங்கே என்று தெரியவில்லை. நான் மெல்லிய கம்பளியில் நின்றுவிட்டேன். டார்ச் கொக்கியைப் பெரிய சைஸாக மாற்றினேன், அது லைனரைவிடப் பெரிய உதவி.

ஓட்டை பார்ப்பது சைக்கிள் பங்க்சர் கடை வேலைதான். க்ளவ்வில் காற்றை அடைத்து, வாயைத் திருகிப் பிடித்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கினால் கொப்புளம் காட்டிக்கொடுக்கும். உடைக்கு, மணிக்கட்டு சீல்களில் தண்ணீர் பாட்டிலும் கழுத்தில் பந்தும் சொருகி, காற்று நிரப்பி, ஷாம்பு நுரை தடவிப் பார்ப்பேன். கை ஈரமாக இருந்தாலே ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த க்ளவ்வின் உள்பக்கம் வியர்வை படிந்து நனைவது சகஜம். ஏரியில் எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. உள்ளே இருக்கும் ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் என் வியர்வை. கரிக்காவிட்டால் ஏரி உள்ளே வந்திருக்கிறது.

தண்ணீருக்குள் கையை ரொம்ப நேரம் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்காதீர்கள். உடைக் காற்று க்ளவ்வுக்கு ஏறி, விரலெல்லாம் பலூன் மாதிரி உப்பிவிடும், ஒன்றையும் பிடிக்க முடியாது. முதல் சில டைவ்கள் ஆழம் குறைந்த இடத்தில் வெறும் கைப்பழக்கத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். போன ஜனவரியில் 18 மீட்டரில் 35 நிமிஷம் இருந்தேன். கடைசி நிமிஷத்தில் டார்ச்சைக் கழற்றி மறுபடி மாட்டினேன், கண்ணால் பார்க்காமலே.

ஐஸ் டப்பில் நான் சோதனை செய்துகொண்டிருந்த அன்று அத்தை வந்திருந்தார். என்ன கூத்து இது என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு க்ளவ்வை மாட்டிக்கொண்டு கையை ஐஸுக்குள் விட்டார். எடுக்கவே இல்லை. சமையல்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "எனக்கும் இது மாதிரி ஒரு ஜோடி வாங்கியாந்து குடுடா" என்றார். போன தடவை கம்பளி லைனரோடு வாங்கி வந்து கொடுத்தேன். இடது கைக்கு மட்டும்தான் போடுகிறார். வலது கை காசு எண்ண வேண்டுமாம்.